பருத்த உடல் ஆடினால் ஏன் சிரிப்பு வருகிறது? பாரிஸ் 'நானா' முதல் புள்ளமங்கை பூதம் வரை

நவராத்திரி வந்துவிட்டால் நெருளில் எந்த செக்டரில் குடியிருந்தாலும் கர்பா பாட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குடியிருப்பு மைதானத்தில் ஒரு அக்கா ஆடினார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும், நல்ல பருமன். தாளம் மாறுகிற இடத்தில் எல்லாரும் ஒரு நொடி தடுமாற, அவர் மட்டும் ஒற்றைக் காலில் சுழன்று சரியான இடத்தில் வந்து நின்றார். அன்று ராத்திரியே அந்த 12 நொடி வீடியோ எங்கள் பில்டிங் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. யாரும் தப்பாக ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் அவர் வட்டத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த எமோஜிகளில் ஒன்று என்னுடையது.

ஒரு பெரிய உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே உடம்பு குதித்தால், ஓடினால், ஆடினால் மட்டும் ஏன் அது காமெடி ஆகிறது? இந்தக் கேள்வியை சிற்பிகள் சிலர் ரொம்ப சீரியஸாக, அதே சமயம் விளையாட்டாகவும் கையில் எடுத்திருக்கிறார்கள். அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் நிக்கி து சான் ஃபால்.

யார் இந்த 'நானா'க்கள்?

1965-ல் பாரிஸில் அலெக்ஸாண்டர் அயோலாஸ் கேலரியில் நிக்கியின் கண்காட்சி ஒன்று நடந்தது. உள்ளே முழுக்கப் பெண்கள். பெரிய மார்பு, பெரிய வயிறு, பெரிய பிட்டம், உடம்பெல்லாம் பூ, இதயம், கட்டம் கட்டமாக வண்ணம். ஒருத்தி கையை வானத்துக்கு வீசுகிறாள், ஒருத்தி ஒற்றைக் காலைத் தூக்குகிறாள், இன்னொருத்தி துள்ளுகிறாள். யாரும் பார்வையாளருக்காக போஸ் கொடுத்து நிற்கவில்லை. 'நானா' என்பது பிரெஞ்சு தெருப்பேச்சில் பெண்ணைக் குறிக்கும் சொல். நம்ம ஊரில் 'புள்ள' என்று சொல்வது போல வைத்துக்கொள்ளலாம். சொல்கிற தொனியைப் பொறுத்து செல்லமாகவும் இருக்கும், இளக்காரமாகவும் இருக்கும்.

இந்த உருவங்களுக்கு விதை போட்டது ஒரு கர்ப்பிணித் தோழி. ஓவியர் லாரி ரிவர்ஸின் மனைவி கிளாரிஸ். வயிறு வளர வளர அவர் உடம்பு விரிந்த விதமும், அந்த உடம்போடு அவர் நடமாடிய விதமும் நிக்கியைப் பிடித்துக்கொண்டன. ஆரம்ப நானாக்கள் கம்பி வலை, கம்பளி நூல், துணி, காகிதக் கூழ் ஆகியவற்றால் ஆனவை. பிற்பாடுதான் பாலியெஸ்டர் ரெசினுக்குப் போனார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். நிக்கி (1930–2002) இளமையில் ஃபேஷன் மாடல். 'லைஃப்', பிரெஞ்சு 'வோக்' ஆகியவற்றின் அட்டைகளில் வந்தவர். 'சரியான' உடம்பு என்று பத்திரிகைகள் காட்டிய உடம்பு அவருடையது. 1953-ல் மனநலம் குலைந்து மருத்துவமனையில் இருந்தபோதுதான் தீவிரமாக வரையத் தொடங்கினார். சிறுவயதில் தந்தையால் பாலியல் கொடுமைக்கு ஆளானதை 1994-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். 1961 முதல் துப்பாக்கியால் சுட்டு ஓவியம் செய்தார். வெள்ளைப் பூச்சுக்குள் ஒளித்து வைத்த சாயப் பைகள் குண்டு பட்டு உடைந்து வழியும். கோபத்தின் காலம் அது. அதற்கு அடுத்து வந்தவர்கள்தான் இந்த ஆடும் பெண்கள். இந்த வரிசையை மனதில் வைத்துப் பார்த்தால் நானாக்களின் குதூகலம் லேசுப்பட்ட குதூகலமாகத் தெரியாது.

1974-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் லைனே ஆற்றங்கரையில் மூன்று பெரிய நானாக்கள் நிறுவப்பட்டபோது ஊரில் பலத்த எதிர்ப்பு. வரிப்பணம் வீண், அசிங்கம் என்றெல்லாம் பேச்சு. இன்று சோஃபி, ஷார்லோட், கரோலினே என்று பெயர் சொல்லி அழைக்கப்படும் அந்த மூவரும் ஹனோவரின் அடையாளம். 2000-ல் அதே நகரம் நிக்கியை கௌரவக் குடிமகளாக்கியது. அந்த மரியாதை பெற்ற முதல் பெண் அவர்.

ஹார்பர் லைனில் தினமும் இடிபட்டுப் போகிறவர்களுக்கு இன்னொன்று: சுவிட்சர்லாந்தின் ஜூரிக் மத்திய ரயில் நிலையத்தின் கூரையிலிருந்து 1997 முதல் ஒரு நானா தொங்குகிறாள். இறக்கை முளைத்தவள், உயரம் சுமார் 11 மீட்டர், எடை ஒரு டன்னுக்கு மேல். ரயில் பிடிக்க ஓடுகிறவர்களின் தலைக்கு மேல், காவல் தேவதையாக அவள் பறந்துகொண்டிருக்கிறாள்.

இவ்வளவு கனம் எப்படி மிதக்கிறது?

தந்திரம் தலையில் இருக்கிறது. நானாவின் உடம்பு எவ்வளவு பெரிதோ, தலை அவ்வளவு சின்னது. பல நானாக்களுக்கு மூக்கு, கண் கூட கிடையாது. முகத்தில் கண் நிலைக்க ஒன்றும் இல்லாததால் நம் பார்வை நேராக உடம்பின் அசைவுக்குப் போகிறது. கைகால்கள் நுனியில் குறுகிக்கொண்டே போய், தரையைத் தொடும் இடத்தில் சிறுத்துவிடும். கனம் முழுக்க நடுவில் மேலே இருக்கும். கீழே ஒரு புள்ளி. பம்பரம் ஞாபகம் வருகிறதா? அதே வடிவம்தான். சுற்றினால்தான் நிற்கும் என்று கண் நம்புகிறது, அதனால் நின்றிருக்கும் உருவத்திலும் சுழற்சியைக் காண்கிறது.

பொருளும் உதவியது. கல்லில் இப்படி ஒற்றைக் காலில் நிறுத்தினால் கணுக்கால் ஒடியும். உள்ளே இரும்புச் சட்டம், மேலே லேசான பாலியெஸ்டர் ஓடு என்று செய்ததால் உருவம் பருமனாகத் தெரியும், எடை அந்த அளவு இருக்காது. இதற்கு நிக்கி கொடுத்த விலை பெரிது. பாலியெஸ்டரின் புகையும் தூசியும் நுரையீரலைக் கெடுத்தன. கடைசி வருஷங்களை மூச்சுக் கோளாறோடு கழித்தார். ஆடும் பெண்களைச் செய்தவருக்கே மாடிப்படி ஏற முடியாத நாட்கள் இருந்தன.

இதே பாதையில் இன்னும் இருவரைச் சொல்வார்கள். கொலம்பியாவின் ஃபெர்னாண்டோ பொட்டேரோ (1932–2023) உலகப் புகழ் பெற்றவர். சிங்கப்பூர் போட் கீ பக்கம் போயிருந்தால் அவருடைய கொழுத்த வெண்கலப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். 1956-ல் மெக்சிகோவில் ஒரு மேண்டலின் வரையும்போது நடுவிலுள்ள துளையைத் தற்செயலாகச் சின்னதாகப் போட்டாராம். உடனே வாத்தியம் ஊதிப் பெருத்தது போலத் தெரிந்தது. அவர் பாணி அங்கே தொடங்கியது. தான் வரைவது குண்டு மனிதர்களை இல்லை, கன அளவைத்தான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பொட்டேரோவின் ஜோடிகள் நடனமாடும்போதும் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. பாறை நடனமாடுவது போல ஒரு கம்பீரம். துள்ளல் வேண்டுமென்றால் சீனாவின் குவாங்டாங்கைச் சேர்ந்த ஷூ ஹொங்ஃபெய் பக்கம் போகணும். 1963-ல் பிறந்த இவருடைய பருத்த பெண்கள் வரிசை பல நாடுகளின் பொது இடங்களில் வைக்கப்பட்டிருக்கிறது. சைக்கிள் மிதிக்கிறார்கள், ஆடுகிறார்கள், காற்றில் எகிறுகிறார்கள். மக்கள் கிட்டே போய் அதே மாதிரி போஸ் கொடுத்து செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஷூவின் சிற்பங்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பார்க்கிறவர் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சிரிக்கிறாரா, அவளைப் பார்த்துச் சிரிக்கிறாரா? சில உருவங்களில் இந்தக் கோடு மெல்லியதாக இருக்கிறது. நிக்கியிடம் அந்தச் சந்தேகம் எனக்கு வரவில்லை. அவர் பெண் என்பது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. நானாக்கள் அளவில் நம்மைவிடப் பெரியவர்கள், நாம்தான் அண்ணாந்து பார்க்கணும்.

நம்ம ஊரில் இது இல்லையா?

இருக்கிறது, ஏராளமாக. நாம்தான் கவனிக்காமல் கடந்து போகிறோம்.

சோழர் காலக் கோயில் ஒன்றில் வெளிச்சுவரைப் பார்த்தபடி சுற்றி வாருங்கள். சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில், கபோதம் என்ற வளைந்த கூரை விளிம்புக்குக் கீழே, ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் குட்டிக் குட்டி உருவங்கள் வரிசையாகப் போகும். கல்வெட்டு, கட்டடக்கலை ஆய்வாளர்கள் இதைப் பூதவரி என்பார்கள். தொப்பை தள்ளிய, குட்டைக் கால்கள் கொண்ட சிவகணங்கள். ஒன்று மத்தளம் கொட்டும், ஒன்று சங்கு ஊதும், ஒன்று பக்கத்தில் இருப்பதைச் சீண்டும், மற்றது குதித்துக் குதித்து ஆடும். சோழர் கோயில்களில் வயிற்றிலேயே முகம் கொண்ட பூதங்கள்கூட உண்டு. தஞ்சாவூர் – கும்பகோணம் சாலையில் பசுபதிகோயில் பக்கத்தில் இருக்கும் புள்ளமங்கை கோயில் இதற்குப் பேர்போனது. முதலாம் பராந்தகன் காலத்தது, 10-ம் நூற்றாண்டு. அங்கே பிள்ளையாரைச் சுற்றிக் கணங்கள் கூடியிருக்கும் கோட்டச் சிற்பமும் இருக்கிறது.

இது சோழர் கண்டுபிடிப்பும் இல்லை. அதற்கு முன்பே 6-ம் நூற்றாண்டில் பாதாமி முதல் குகையின் அடித்தளத்தில் சாளுக்கியச் சிற்பிகள் கணங்களை வரிசையாக ஆடவிட்டிருக்கிறார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் மாமல்லபுரத்திலும் பல்லவர் செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் சிற்பம். சிவன் ஆடுகிறார்; எலும்பும் தோலுமான காரைக்கால் அம்மையார் உட்கார்ந்து தாளம் போடுகிறார்; தொப்பைக் கணங்களும் அங்கேயே இருக்கின்றன. மிக ஒல்லியான உடம்பும் மிகப் பருத்த உடம்பும் ஒரே தாளத்துக்குள். சிற்பி இரண்டில் எதையும் குறையாகச் செதுக்கவில்லை.

அப்புறம் ஏன் இந்தச் சிரிப்பு?

இங்கேதான் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. சிற்ப நூல்களில் தாளம் என்று ஒரு அளவு உண்டு. ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம். நின்ற கோலத் தெய்வங்களுக்கு ஒன்பது, பத்து தாளம் வரை போகும். பிள்ளையாருக்கு ஐந்து. பூதங்களுக்கு நான்கு. அதாவது மொத்த உயரத்தில் தலை மட்டும் கால் பங்கு. தலை இவ்வளவு பெரிதாக இருப்பது யாருக்கு? கைக்குழந்தைக்கு. பிறந்த குழந்தையின் தலை கிட்டத்தட்ட அதன் நீளத்தில் கால் பங்குதான். வளர்ந்த மனிதருக்கு அது ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று.

ஆகவே பூதவரியில் நாம் பார்ப்பது பருத்த பெரியவர்களை இல்லை, குழந்தை அளவில் அடித்த உருவங்களை. அதனால்தான் அவை நமக்குச் செல்லமாகத் தெரிகின்றன. தமிழில் குழந்தையைக் 'கொழுகொழு' என்று கொஞ்சுவோம். அதே சதை இருபது வயதில் 'குண்டு' ஆகிவிடும். ஆணாக இருந்தால் 'வாட்டசாட்டம்' என்ற கௌரவமான சொல் கைவசம் இருக்கிறது. பெண்ணுக்கு 'பூசின உடம்பு' வரை போகலாம், அதுவும் கொஞ்சம் பூசியிருந்தால் மட்டும். கோயில் சுவரிலும் இதே கதைதான். கணங்கள் பெரும்பாலும் ஆண். அதே கோயிலின் பெண் சிற்பங்களுக்கு மார்பும் இடுப்பும் அகலம், நடுவில் இடை மட்டும் உடுக்கை. துடியிடை, கொடியிடை, மின்னலிடை என்று நம் மொழியில் இடைக்கு எத்தனை சொல்! 2015-ல் பருமனான பெண்ணின் கதையாக அனுஷ்கா நடித்த படம் வந்தது. அதற்குத் தமிழில் வைத்த பெயர் 'இஞ்சி இடுப்பழகி'.

நிக்கி செய்தது இந்த அளவுகோலைத் தலைகீழாகத் திருப்பியது. தலையைச் சுருக்கினார், உடம்பை வளர்த்தார். குழந்தை என்று கொஞ்சித் தப்பிக்க வழியே இல்லை. எதிரே நிற்பது வளர்ந்த பெண், முழு உடம்போடு, ஆடிக்கொண்டு. பருத்த உடம்பின் ஆனந்தம் நம் கல்லிலும் உண்டு. ஆனால் அது வளர்ந்த பெண்ணுக்குக் கிடைத்ததில்லை. அவரை அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்த அளவில் நானா புதிது.

நம் பக்கத்து நவீன சிற்பத்தில் இதற்கு அருகே வருவது மலம்புழா யக்ஷி. கானாயி குஞ்ஞிராமன் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969-ல் பாலக்காடு மலம்புழா அணைப் பூங்காவில் சுமார் 30 அடி உயரத்தில், ஆடையின்றிக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் யக்ஷியை கான்கிரீட்டில் எழுப்பினார். அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது. இப்போது அது கேரளத்தின் பெருமை. பாலக்காட்டு வேர் உள்ள மாட்டுங்கா, செம்பூர், நெருள் வீடுகளில் பழைய ஆல்பத்தைப் புரட்டினால் மலம்புழா படம் ஒன்று அகப்படும். யக்ஷி பாதி தெரியும்படி, குடும்பம் சற்று தள்ளி நின்று எடுத்தது. ஆனால் யக்ஷி அசைவதில்லை. ஆந்திரப் பகுதிகளின் பெண்களைத் தங்க நிறத்தில் பிரம்மாண்டமாகச் செய்யும் ஜி. ரவீந்தர் ரெட்டியின் உருவங்களும் கண்ணை அகல விரித்து நேராக நிற்பவை. ஆட வைக்கும் துணிச்சல் இங்கே இன்னும் அபூர்வம்.

'சரி, உடல்நலம் என்ன ஆவது?'

இந்த மாதிரி எதை எழுதினாலும் இந்தக் கேள்வி வரும், நியாயமானதும்கூட. எண்களைப் பார்ப்போம், அதுதானே என் வேலை. தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் 2015-16-ல் 30.9%. 2019-21-ல் 40.4%. ஆண்களில் 28.2 சதவீதத்திலிருந்து 37 சதவீதம். நாடு முழுக்கப் பெண்களில் 24% தான். சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் இதோடு சேர்ந்தே வருகிறது. எந்தச் சிற்பமும் அதை மாற்றாது.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் பிஎம்ஐ. கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 25-க்கு மேல் போனால் ஆய்வில் அதிக எடைக் கணக்கில் சேர்வீர்கள். 19-ம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர், மக்கள்தொகையின் சராசரி மனிதரைத் தேடும்போது போட்ட சூத்திரம் இது. தனி ஒருவரின் உடம்பை மதிப்பிட அவர் இதை உருவாக்கவில்லை. கொழுப்பா தசையா, வயிற்றிலா தொடையிலா என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. பிஎம்ஐயை மட்டும் வைத்துப் பருமனை நோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2025 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ ஆணையம் சொன்னது இதனால்தான்.

நம் கதைக்கு முக்கியமானது இன்னொரு ஆவணம். 2020-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு கூட்டு அறிக்கை வெளியிட்டார்கள். எடையை வைத்துக் கேலி செய்வதும் ஒதுக்குவதும் மனதையும் உடம்பையும் பாதிக்கிறது, மருத்துவ உதவி கிடைப்பதற்கும் தடையாகிறது என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. ஒல்லியானவருக்கு ஒன்று, பருத்தவருக்கு ஒன்று என்று தனிக்கணக்கு அதில் கிடையாது. ராத்திரி இரண்டு மணி நேரம் கர்பா ஆடினால் இரண்டு நாளில் அந்தக் கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிடும். எங்கள் மைதானத்து அக்கா அந்தக் கணக்கை நிறைவேற்றிக்கொண்டுதான் இருந்தார், எங்கள் எமோஜி வரும் வரை.

எங்கே பார்க்கலாம்?

நானாவுக்கு ஹனோவர் போக வேண்டாம். நெருளிலிருந்து ஹார்பர் லைனில் சிஎஸ்எம்டி, அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியா, பிறகு சுமார் ஒரு மணி நேரப் படகு: எலிஃபெண்டா. திங்கட்கிழமை மூடியிருக்கும். படகுத்துறையிலிருந்து ஏற 120 படிகள் இருக்கும், மெதுவாக ஏறலாம். உள்ளே போனதும் எல்லாரும் மூன்று முக சதாசிவனை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று, லிங்க சன்னிதியின் நான்கு வாசல்களிலும் இருக்கும் பிரம்மாண்டமான வாயிற்காவலர்களைப் பாருங்கள். சிலரின் பக்கத்தில் குள்ளக் கணம் ஒன்று நிற்கும், மூக்கும் கையும் உடைந்து, தொப்பை மட்டும் பத்திரமாக.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் பரேல் சிற்பம். 1931-ல் சாலை போடத் தோண்டும்போது கிடைத்தது, சுமார் மூன்றரை மீட்டர் உயரம், எலிஃபெண்டாவின் காலத்தை ஒட்டியது. மூலம் பரேல் பாரதேவி கோயிலில் வழிபாட்டில் இருக்கிறது. வார்ப்பு நகல் தென் மும்பையில் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில். ஒருவர் உடம்பிலிருந்து ஒருவராக ஏழு சிவ உருவங்கள் கிளம்பும். அதையெல்லாம் பார்த்து முடித்தபின் குனிந்து கீழே பாருங்கள். வாத்தியங்களோடு கணங்கள் உட்கார்ந்திருக்கும், வயிறு மடிந்து, கச்சேரி நடுவில்.